மேஜைப் போருக்கு எத்தனை வீரர்கள் வேண்டும்?

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், கம்யூனிட்டி ஹாலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய நிகழ்ச்சி நிரலின் கடைசி வரி, பிள்ளைகளின் மேஜைப் போர் விளையாட்டுக்கு வீரர் பொம்மைகள் வாங்குவது பற்றியது. தண்ணீர் மோட்டாரும் லிஃப்ட் பராமரிப்பும் பேசி எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில் இது வந்திருக்கிறது. இரண்டு கோரிக்கைகள் உள்ளன. 200 பொம்மைகள் கொண்ட பெரிய செட் வேண்டும், அப்போதுதான் பார்க்கப் படை மாதிரி இருக்கும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. 24 பொம்மைகள் போதும், மிச்சப் பணத்தில் மாடிப்படி விளக்குகளை மாற்றலாம் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. நான் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார்.

விளையாட்டை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. மேஜையின் மேல் ஏரி, மேடு, ஊர் எல்லாம் அட்டையில் செய்து வைக்கிறோம். இரண்டு பக்கமும் சிறிய வீரர் பொம்மைகள் நிற்கும். ஒரு முறைக்கு எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை ஸ்கேல் வைத்து அளக்கிறோம். இரண்டு படைகள் முட்டிக்கொண்டால் பகடை உருட்டி யார் பின்வாங்குவது என்று தீர்மானிக்கிறோம். அவ்வளவுதான்.

இது சின்ன விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம். செலவாகப்போவது நாம் எல்லோரும் கட்டும் மெயின்டனன்ஸ் பணம். பெயர் கொடுத்திருப்பவர்கள் 14 பிள்ளைகள், ஒன்பது வயது முதல் பதினைந்து வரை. ஹால் நமக்குக் கிடைப்பது ஞாயிறு மாலை நான்கிலிருந்து ஆறு வரை. ஒரே மாதத்தில் ஆர்வம் வடிந்துவிட்டால், ஸ்ட்ரைக்கர் தொலைந்த கேரம் போர்டுக்குப் பக்கத்தில் இந்தப் பெட்டியும் மாடிப்படிக்குக் கீழே போய்விடும். பிள்ளைகள் மறுபடி ஆளுக்கொரு மொபைலோடு ஆளுக்கொரு ஃப்ளாட்டுக்குள் போய்விடுவார்கள். அடுத்த பிளாக்கில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் வளரும் பிள்ளைகள் இவர்கள். அவர்கள் வாரம் இரண்டு மணி நேரம் ஒரே மேஜையைச் சுற்றி நிற்பார்களா என்பதுதான் இங்கே முடிவாகப்போகிறது. அதற்குப் பொம்மைகளின் எண்ணிக்கைக்கும் சம்பந்தம் இருக்கிறது.

மூன்று ஞாயிறுகள்

கோடை விடுமுறையில் மூன்று ஞாயிறுகள் ஒத்திகை பார்த்தோம். முதல் வாரம் பிள்ளைகள் வீட்டில் இருந்த எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள். பிளாஸ்டிக் சிப்பாய்கள், கொலுப்பெட்டியில் இருந்த போலீஸ்காரர்கள், சட்டைப் பொத்தான்கள், புளியங்கொட்டைகள் எல்லாம் சேர்த்து 160. வரிசையாக அடுக்கி முடிக்கவே ஐந்தேகால் மணி ஆகிவிட்டது. ஒவ்வொரு தரப்பும் இரண்டு முறை நகர்த்தியதும், மறுநாள் வளைகாப்புக்கு மேஜை போட ஆட்கள் வந்துவிட்டார்கள். இருந்ததிலேயே சின்னப் பெண் "தாத்தா, என் டர்ன் எப்போ?" என்று மூன்று தடவை கேட்டாள். நான்காவது தடவை கேட்க அவள் அங்கே இல்லை. வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டாம் வாரம் இதற்கு நேர் எதிராகப் பக்கத்துக்கு மூன்றே பொம்மைகள் வைத்தோம். ஏழு நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. ஒரு பொம்மை விழுந்ததும் அந்தத் தரப்புக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போனது. வலதுபுறம் ஏமாற்றி இடதுபுறம் தாக்குவது, கொஞ்சம் பேரைப் பின்னால் நிறுத்தி வைத்துச் சமயத்தில் இறக்குவது, ஒருவரை விட்டுக்கொடுத்து இருவரைக் காப்பாற்றுவது, இதெல்லாம் மூன்று பொம்மைகளில் நடக்காது.

மூன்றாம் வாரம் பக்கத்துக்குப் பன்னிரண்டு. நாலரைக்குத் தொடங்கி ஐந்தேகாலுக்கு முதல் ஆட்டம் முடிந்தது. "இன்னொரு ஆட்டம்" என்று அவர்களே கேட்டார்கள். ஏன் பன்னிரண்டு சரியாக அமைந்தது என்று யோசித்தபோது, நம் பழைய விளையாட்டுகளில் விடை இருப்பதைக் கண்டேன்.

ஆடும் புலியும் ராஜாவும்

ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே உள்ள பெரியவர்களில் பலர் கோயில் மண்டபத் தரையில் கரிக்கோடு போட்டு ஆடியிருப்பீர்கள். பழைய மண்டபங்கள் பலவற்றின் கல்தரையில் அந்தக் கட்டத்தைச் செதுக்கியே வைத்திருக்கிறார்கள். புலி 3, ஆடு 15, காய் வைக்கும் இடம் 23. எல்லா ஆடுகளும் இறங்கியபின், வெட்டு ஒன்றும் விழாமல் இருந்தால், காலியாக இருப்பது ஐந்தே இடம். அந்த ஐந்து இடத்துக்குள்தான் மொத்தச் சண்டையும்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, இரண்டு தரப்புக்கும் காய் சமமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மூன்றுக்குப் பதினைந்து என்ற கணக்கிலும் ஆட்டம் நியாயமாகவே இருக்கிறது. இரண்டு, ஆடுகள் ஒரேயடியாக இறங்குவதில்லை, ஒவ்வொன்றாக வருகின்றன. அதனால் புதிதாக ஆட வந்த பிள்ளைகூட முதல் நொடியிலேயே பதினைந்து காயையும் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

அடுத்தது சதுரங்கம். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கு உறுப்புப் படையே அதன் பெயர். பக்கத்துக்கு 16 காய், மொத்தம் 32, கட்டம் 64. சரிபாதிப் பலகை காலியாக இருக்கிறது. இந்தியாவிலிருந்து கிளம்பிய இந்த விளையாட்டு எத்தனையோ நாட்டில் உருமாறியது. சீனத்திலும் தாய்லாந்திலும் மியான்மரிலும் பக்கத்துக்குப் பதினாறுதான். ஜப்பானில் இருபது. பலகை மாறியது, காய்களின் நடை மாறியது, எண்ணிக்கை மட்டும் பெரிதாக மாறவில்லை. நூறு காய் வைத்துக்கொள்ள யாரும் தடுக்கவில்லை. ஆடிப் பார்த்தவர்கள் பதினாறுக்கும் இருபதுக்கும் நடுவிலேயே நின்றுவிட்டார்கள்.

அந்தப் பதினாறிலும் முதல் நகர்த்தலில் அசையக்கூடியவை எத்தனை என்று இங்கே செஸ் கிளாஸ் போகும் பிள்ளைகளுக்குத் தெரியும். எட்டுச் சிப்பாயும் இரண்டு குதிரையும், ஆகப் பத்து. மற்ற ஆறும் வழி திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். 2022இல் நமக்குப் பக்கத்தில் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, அங்கே வந்த உலக வீரர்களுக்கும் இதே பத்துதான். மனிதத் தலை ஒரே சமயத்தில் எடைபோட்டுப் பார்க்கக்கூடியது அந்த அளவுக்குள்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

நான்கு பேர் ஆடும் பழைய சதுரங்கமும் ஒன்று இருந்தது. 1030ஆம் ஆண்டு வாக்கில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி அதை விவரித்திருக்கிறார். ஆளுக்கு எட்டுக் காய். எந்தக் காயை நகர்த்துவது என்பதைப் பகடை சொல்லும். ஆட்கள் கூடினால் ஆளுக்குரிய காய் குறைகிறது, மொத்தம் அதே 32. நம் ஹாலுக்கு இது உதவும் கணக்கு.

ஒரு பொம்மை எத்தனை பேர்?

"பன்னிரண்டு பேர் நின்றால் அது படையா, கிரிக்கெட் டீமா?" என்று சி பிளாக் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நிஜப் போரில் ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். பன்னிரண்டு பொம்மை அதைக் காட்டுமா?

பாரதக் கதையில் ஒரு கணக்கு வருகிறது. ஒரு தேர், ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள் சேர்ந்தது ஒரு பத்தி. பத்து உறுப்புகள். அதை மூன்று மூன்றாக ஏழு தடவை பெருக்கி, கடைசியில் பத்தால் பெருக்கினால் ஓர் அக்குரோணி. 21,870 தேர், அதே அளவு யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள். குருக்ஷேத்திரத்தில் கௌரவர் பக்கம் 11 அக்குரோணி, பாண்டவர் பக்கம் 7. இத்தனை பெரிய சேனைக்கும் அடிப்படை அலகு பத்துதான். படை எவ்வளவு பெரிதானாலும் அதை ஒருவர் கண்ணுக்கு அடங்கும் துண்டுகளாகப் பிரித்தால்தான் நடத்த முடியும் என்பது கதை சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக்கூத்து பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். பதினெட்டு அக்குரோணியும் மேடைக்கு வருவதில்லை. கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிய இரண்டு பேர் சுற்றி வந்து ஆடுகிறார்கள். பார்ப்பவருக்கு இரண்டு சேனைகள் மோதுவதாகவே இருக்கிறது. மேஜைப் போரும் இப்படித்தான். ஒரு பொம்மை நூறு பேருக்குப் பதில் நிற்கிறது என்று ஆடுபவர் இருவரும் ஒத்துக்கொண்டால் அது நூறு பேர்தான்.

நிஜப் படை அதிகாரிகளும் இதை ஒத்துக்கொண்டார்கள். 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி படைப் பயிற்சிக்காக ஒரு போர் விளையாட்டை வகுத்தார். அதில் வீரர் பொம்மையே கிடையாது. வரைபடத்தின் மேல் சிறிய கட்டைகள், ஒவ்வொரு கட்டையும் ஒரு படைப்பிரிவு. போர் நடத்துவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

வெல்ஸ் வைத்த கடிகாரம்

பொம்மை வீரர்களை வைத்து விதிகளோடு ஆடும் இன்றைய பொழுதுபோக்குக்கு முன்னோடி என்று பலரும் சொல்வது எச். ஜி. வெல்ஸை. கால இயந்திரக் கதை எழுதிய அதே வெல்ஸ்தான். 1913இல், முதல் உலகப்போருக்கு முந்தைய ஆண்டில், 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு புத்தகம் வெளியிட்டார். அதில் எனக்குப் பிடித்த விதி கடிகாரம் பற்றியது. முப்பது வீரர்களுக்கு ஒரு நிமிடம், ஒரு பீரங்கிக்கு ஒரு நிமிடம் என்று நகர்த்தும் நேரத்தைக் கட்டுப்படுத்துகிறார். 110 வீரர்களும் மூன்று பீரங்கிகளும் இருந்தால் ஏழு நிமிடம் தாராளம் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கை நம் ஹாலில் போட்டுப் பார்ப்போம். 200 பொம்மை வாங்கினால் பக்கத்துக்கு நூறு. இரண்டு பீரங்கி என்று வைத்தாலும் ஒரு முறைக்கு ஆறு நிமிடம், இரண்டு தரப்புக்கும் சேர்த்துப் பன்னிரண்டு. இரண்டு மணி நேரத்தில் அடுக்க அரை மணி, எடுத்து வைக்கக் கால் மணி போனால் மிச்சம் 75 நிமிடம். பகடை உருட்டும் நேரத்தைக் கணக்கில் எடுக்காமலே ஆறு சுற்றுதான் வரும். ஒரு தரப்பின் கை பொம்மைமேல் இருப்பது 36 நிமிடம். பக்கத்துக்கு நான்கு பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஒன்பது நிமிடம். மீதி நேரமெல்லாம் நின்று வேடிக்கை பார்ப்பது. அந்தச் சின்னப் பெண் வீட்டுக்குப் போனதற்குக் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

வெல்ஸிடம் எல்லாம் பொழுது கிடந்தது, தோட்டத்துத் தரையும் இருந்தது. நமக்கு ஆறு மணிக்கு ஹாலைக் காலி செய்தாக வேண்டும்.

பன்னிரண்டு அணி

இதற்கு நல்ல வழி கண்டவர்கள் இங்கிலாந்தில் 1990இல் வந்த 'டிபிஏ' என்ற விளையாட்டின் ஆசிரியர்கள். பழங்காலப் போர்களுக்கான விளையாட்டு அது. தமிழர் படைக்கும் அதில் ஒரு பட்டியல் இருக்கிறது, யானைகளோடு. எந்த நாட்டுப் படையானாலும் பக்கத்துக்குச் சரியாகப் பன்னிரண்டு அணிகள். ஓர் அணி என்பது ஒரு சிறிய பலகைத் துண்டு. அதன்மேல் யானை என்றால் ஒன்று, குதிரை என்றால் மூன்று, ஈட்டிக்காரர் என்றால் நான்கு என்று பொம்மைகள் ஒட்டியிருக்கும். பார்க்க முப்பது நாற்பது பேர் நிற்பதுபோல் இருக்கும். நகர்த்துவது பன்னிரண்டைத்தான்.

அதிலும் ஒரு முறைக்குப் பன்னிரண்டையும் தொட முடியாது. பகடையை உருட்டி விழும் எண் எத்தனையோ அத்தனை நகர்த்தல்தான். சேர்ந்து நிற்கும் அணிகளை ஒரே நகர்த்தலில் கொண்டுபோகலாம். அதனால் முறை சீக்கிரம் மாறுகிறது. நான்கு அணிகளை இழந்து, எதிராளியைவிட அதிகமாகவும் இழந்த தரப்பு தோற்றது. பன்னிரண்டில் மூன்றில் ஒரு பங்கு. கடைசிப் பொம்மைவரை அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. நிஜப் படையும் மூன்றில் ஒரு பங்கு போனால் ஓடத்தான் செய்யும். தோற்ற பிள்ளையும் மேஜையில் எட்டு அணி நிற்கும்போதே கை கொடுத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குத் தயாராகலாம்.

இடக் கணக்கும் பொருந்துகிறது. அணியின் அகலம் 4 சென்டிமீட்டர், பன்னிரண்டையும் வரிசையாக நிறுத்தினால் 48. களத்தின் அகலம் 60. பக்கவாட்டில் சுற்றி வளைக்கக் கொஞ்சம் இடம் மிச்சம். இருநூறு பொம்மைகளை அதே அகலத்தில் நிறுத்தினால் சுற்றி வளைக்க இடமே இருக்காது. இரண்டு சுவர்கள் முட்டிக்கொள்வதுபோல் ஆகிவிடும்.

பெரிய எண்ணைச் சிறு குழுக்களாகப் பிரித்து வேலை வாங்குவது உத்திரமேரூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் இருக்கின்றன, முதலாம் பராந்தகச் சோழன் காலத்தவை. முப்பது குடும்புகள், குடும்புக்கு ஒருவர் எனக் குடவோலையில் முப்பது பேர். அந்த முப்பது பேரும் ஒரே கூட்டமாக எல்லா வேலையையும் பார்க்கவில்லை. சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு, தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு, ஏரி வாரியத்துக்கு ஆறு என்று பிரித்துக்கொண்டார்கள். பன்னிரண்டில் மந்திரம் ஒன்றுமில்லை. ஒருவர் பேச்சை மற்றவர்கள் கேட்டு முடிக்கக்கூடிய அளவு அது. நம் நிர்வாகக் குழுவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புள்ளலூரை மேஜைக்குக் கொண்டுவருவோம்

பிள்ளைகளுக்கு எந்தப் போரைக் கொடுக்கலாம் என்று கேட்டார்கள். வாட்டர்லூவுக்கெல்லாம் போக வேண்டாம், நம் மாவட்டத்திலேயே புள்ளலூர் இருக்கிறது. பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. அதே ஊரில் 1780 செப்டம்பர் 10 அன்று, ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தப் போரைப் பெரிய ஓவியமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள்.

பெய்லியிடம் இருந்தது நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவான படை. காஞ்சிபுரத்தில் இருந்த மன்ரோவின் படையோடு சேர வந்துகொண்டிருந்தார். முதலில் திப்பு வழிமறித்தார். பிறகு ஹைதரின் முழுப்படையும் வந்து சூழ்ந்துகொண்டது. வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. மன்ரோ உதவிக்கு வரவில்லை. பெய்லி சரணடைந்தார்.

இதைச் சமமான இரு படைகளாக மேஜையில் வைத்தால் கதையே போய்விடும். இங்கேதான் ஆடுபுலி கைகொடுக்கிறது. மொத்தம் 24 அணிகளில் பெய்லிக்கு 8, மைசூருக்கு 16. மைசூரின் பதினாறில் ஆறு மட்டும் திப்புவின் பெயரில் தொடக்கத்திலேயே நிற்கும். மற்ற பத்தும் ஹைதரோடு, முறைக்கு இரண்டாக மேஜை ஓரத்திலிருந்து வரும். பெய்லி வெல்வதற்கு எதிரியை அழிக்க வேண்டியதில்லை. மூன்று அணிகளைக் காஞ்சிபுரம் பக்க ஓரத்தில் வெளியேற்றிவிட்டால் போதும். ஹைதர் வந்து சேர்வதற்குள் தப்பிக்க வேண்டும் என்ற பதற்றம் முதல் பகடையிலேயே பிடித்துக்கொள்ளும். அதே 24 அணிகளை மறுவாரம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டாகப் பிரித்து வேறு போர் ஆடலாம்.

இதில் வரலாறும் கொஞ்சம் உள்ளே போகும். நாலாயிரம் பேர் ஏன் காஞ்சிபுரம் வந்து சேரவில்லை என்பதைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படிப்பதும், ஹைதரின் அணிகள் முறைக்கு இரண்டாக வந்து வழியை அடைப்பதைத் தன் கண்ணால் பார்ப்பதும் ஒன்றல்ல.

என் யோசனை

200 கேட்பவர்கள் சொல்வதிலும் ஓர் உண்மை இருக்கிறது. கண்ணுக்கு நிறைவு வேண்டும். கொலுவில் ஒற்றைக் காவல்காரரை மட்டும் வைத்தால் படி வெறிச்சென்று இருக்கிறது, செட்டாக வைத்தால்தான் களை கட்டுகிறது. ஆனால் கொலு பார்ப்பதற்கு. அதை வைத்துவிட்டால் யாரும் தொடக்கூடாது. இது வாரா வாரம் கைபடுவதற்கு. 24 கேட்பவர்களின் கணக்கில் ஓர் ஆட்டத்துக்குப் போதுமானது இருக்கிறது. நம்மிடம் 14 பிள்ளைகள் இருப்பது அதில் விட்டுப்போனது.

ஆகவே என் யோசனை 72 பொம்மைகள். ஒவ்வொன்றும் தனித்தனி அடிப்பலகையில், மூன்று சென்டிமீட்டர் அகலம். சாதாரண ஞாயிறுகளில் ஒரு பொம்மையே ஓர் அணி. 72ஐ மூன்றாகப் பிரித்தால் மூன்று ஆட்டம், ஆட்டத்துக்கு 24. நம் பந்தி மேஜை ஆறடி நீளம், இரண்டடி அகலம். சாக்பீஸால் இரண்டு கோடு போட்டால் இரண்டடிச் சதுரமாக மூன்று போர்க்களம். ஒரு களத்துக்கு நான்கு பிள்ளைகள், ஆளுக்கு ஆறு பொம்மை. பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள். மிச்சம் இருவர் நடுவர்கள், வாரம் ஒரு ஜோடியாக மாறிக்கொள்ளட்டும். ஆள் குறையும் நாளில் தாத்தா பாட்டிகள் உட்காரலாம். ஆடுபுலி ஆடியவர்களை வெல்வது சுலபமில்லை என்று பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும்.

சுதந்திர தினம், பொங்கல் மாதிரி நாட்களில் அதே பொம்மைகளை அட்டைத் தட்டில் மும்மூன்றாக வைத்தால் 24 அணி கிடைக்கும். இரண்டு பந்தி மேஜைகளைச் சேர்த்துப் போட்டு ஒரே பெரிய போர். விதி மாறாது, நகர்த்தும் எண்ணிக்கையும் மாறாது, பார்வைக்கு மட்டும் படை மூன்று மடங்கு. 200 கேட்டவர்கள் அன்றைக்கு வந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் இப்போதே வாங்க வேண்டாம். இந்தக் காலாண்டுக்கு 24. ஆறு வாரம் கழித்தும் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தால் அடுத்த 24. அதன்பின் கடைசி 24. நின்றுபோனால் நஷ்டம் மூன்றில் ஒரு பங்கோடு போகும். காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் கட்டைவிரல் உயரத்தில் செய்து தருவார்களா என்று முதலில் கேட்டுப் பார்க்கலாம். ஏரி மண்ணில் பிள்ளைகளே செய்து காயவைத்து வண்ணம் அடிக்கலாம். ஒரு பட்டறை நாளாகவே வைத்துவிடலாம்.

இரண்டு எச்சரிக்கை. ஈயத்தில் வார்த்த பழைய பொம்மைகளை யாராவது அன்பாகக் கொடுத்தால் கண்ணாடி அலமாரியில் வைப்போம், பிள்ளைகள் கையில் வேண்டாம். வண்ணமும் ஈயம் கலக்காததாக வாங்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள தம்பி தங்கைகள் மேஜைப் பக்கம் வராமல் ஒரு பெரியவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனை சின்னப் பொருள் வாய்க்குள் போவது எளிது. ஆட்டம் முடிந்ததும் எண்ணி வைப்பதும் முக்கியம். 24ஐ எண்ண ஒரு நிமிடம் போதும், 200ஐ யாரும் எண்ண மாட்டார்கள். எண்ணாத பெட்டியில் பாதி இரண்டு மாதத்தில் சோபாவுக்குக் கீழே இருக்கும்.

எத்தனை பொம்மை இருந்தால் ஆட்டம் நிறைவாக இருக்கும் என்பதுதான் கேள்வி. ஆடுகிற பிள்ளைக்குத் தன் ஆட்கள் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்காமலே தெரிய வேண்டும். ஒருவர் விழுந்தால் மனசு வலிக்க வேண்டும், விழுந்தபின்னும் ஆட்டம் கையில் இருக்க வேண்டும். எதிராளி யோசித்து முடிப்பதற்குள் சலிப்பு வரக்கூடாது. இந்த மூன்றும் பக்கத்துக்குப் பன்னிரண்டில் நிறைவேறுகிறது. இருபதுவரை போகலாம், அதற்குமேல் நம் இரண்டு மணி நேரம் தாங்காது.

முதல் 24 பொம்மைகளுக்கான செலவை இந்தக் காலாண்டிலேயே ஒப்புக்கொள்ளும்படி சபையைக் கேட்டுக்கொள்கிறேன். விளக்குகளையும் மாற்றுங்கள், இரண்டுக்கும் பணம் இருக்கிறது என்று பொருளாளர் தலையாட்டுகிறார். அடுத்த ஞாயிறு நான்கு மணிக்குப் பந்தி மேஜையை விரித்து வைக்க, பி பிளாக்கில் இரண்டு பேர் வந்தால் போதும்.